பெண் பார்க்கப் போன எட்டு பிட் எமன்

எனக்கு நாய் என்றால் பயம். ஊசி என்றால் பயம். லிஃப்டில் தனியாகப் போகப் பயம். பேக்கரியில் சர்க்கரை போடாத டீ வந்தால், ‘ஏனுங்க, சக்கரை போடலீங்க’ என்று சொல்லப் பயந்து, கசக்கக் கசக்கக் குடித்து முடித்துவிட்டு, ‘டீ நல்லாருந்துச்சுங்க’ என்று வேறு சொல்லிவிட்டு வருகிற ஆள் நான். ஆனால் என் கையில் போனைக் கொடுத்து, எதிராளியின் முகத்தைக் காட்டாமல் வாக்குவாதத்தை மட்டும் காட்டிப் பாருங்கள். அப்புறம் என்னைப் போல ஒரு வீரனை அன்னூரிலிருந்து ஆனைமலை வரை தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வீரத்தால் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. இருபது பேர். எல்லோருக்கும் ஒரே வியாதி. எண்பதுகளில் வெளிநாட்டு வீடுகளில் இருந்த பழைய கம்ப்யூட்டர்கள் மேல் பித்து. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும், டிவியில் சொருகினால் ஓடும், அந்த ரகம். அதிலும் எங்களுக்கு உயிர் என்றால் டெமோதான். டெமோ என்பது விளையாட்டும் இல்லை, வேலைக்கு உதவுகிற மென்பொருளும் இல்லை. இந்தச் சின்னப் பெட்டியால் இதெல்லாம் ஆகாது என்று ஊரே சொன்னதை, ‘ஆகும், பார்’ என்று ஐரோப்பாவில் சில விடலைப் பையன்கள் செய்து காட்டிய வித்தை. கலர் கலராகக் கோடுகள் நெளியும், எழுத்துகள் அலையடித்துக்கொண்டு போகும், பின்னால் இசை ஓடும். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். (‘இதுக்காடா இத்தனை அக்கப்போரு?’ என்று அம்மா கேட்டாள். இதுக்குத்தான்.)

அக்கப்போர் என்னவென்றால், பின்னால் வந்தவர்களை எல்லாம் அதிகமாகப் பாதித்த டெமோ எது என்பது. எட்டு மாதமாக இதே சண்டை. பூட்டுப் போட்ட விளையாட்டுகளை உடைத்து நகல் எடுத்தவர்கள், ‘உடைத்தது நாங்கள்தான்’ என்று விளையாட்டுக்கு முன்னால் தங்கள் பெயரை ஓடவிட்டார்களே, அந்த அரை நிமிட அறிமுகங்கள்தான் எல்லாவற்றுக்கும் தாய் என்பது என் கட்சி. அந்தப் பழைய ரகக் கம்ப்யூட்டர்களை ‘எட்டு பிட்’ என்பார்கள். அதை வைத்துக் குழுவில் என் பெயர் ‘எட்டு பிட் எமன்’. (நாய்க்குப் பயப்படுகிறவன் வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள்.)

எதிர்க்கட்சித் தலைவர் ‘கலர்க்கோடு’ என்ற பெயரில் எழுதுகிற ஒருவர். முகப்புப் படத்தில் வேல் மட்டும் இருக்கும். அவருடைய தெய்வம் விளிம்பு டெமோ. அந்தக் கம்ப்யூட்டரில் படத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு வெற்று விளிம்பு வரும். அங்கே ஒரு புள்ளிகூட வைக்க முடியாது என்று அதைச் செய்த கம்பெனியே சொல்லியிருந்தது. யாரோ ஒரு பையன் சரியான கணத்தில் சிப்பை ஏமாற்றி அங்கேயும் படத்தை ஓடவிட்டுவிட்டான். ‘ஆகாதுன்னு சொன்ன எடத்துல செஞ்சு காட்டினதுதானுங்க பெருசு. உங்குளுது பேரு எழுதி ஒட்டற வேலைங்க’ என்பார் கலர்க்கோடு.

நாங்கள் கொங்குக்காரர்கள். வெட்டிக்கொண்டாலும் ‘ங்க’ குறையாது. ‘நீங்க சுத்த மடையனுங்க’ என்று அவர் எழுதுவார். ‘நீங்க பொய்மூட்டைங்க’ என்று நான் எழுதுவேன். ஒருநாள் அவர், ‘விளிம்பு டெமோவ மொதமொதல்ல போட்டுக் காட்டுன ரூம்ல நானே இருந்தனுங்க’ என்று எழுதினார். ‘நிலாவுக்குப் போன மொத ராக்கெட்ல நானும் ஜன்னல் சீட்டுல போனனுங்க’ என்று நான் எழுதினேன். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. இன்னொருநாள் தன்னுடைய கம்ப்யூட்டரைப் படம் பிடித்துப் போட்டார். ஆயுத பூஜைக்குப் பூசிய மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும் கீபோர்டின் மூலையில் காய்ந்து ஒட்டியிருந்தது. ‘ஓடாத பெட்டிக்கு பொட்டு எதுக்குங்க?’ என்று கேட்டேன். அதற்கும் சிரிப்பு.

இத்தனைக்கும் நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அதற்கு மவுசு போய்விட்டது. நான் பார்த்த டெமோ எல்லாம் காந்திபுரம் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனில் பார்த்த வீடியோ.

இது ஒரு பக்கம் இருக்க, எனக்கு வயது முப்பத்து மூன்று. அம்மா ஐந்து வருடமாகப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைகளின் நிலைமை உங்களுக்குத் தெரியும். தோட்டம் இருந்தால் வேலை இல்லை என்பார்கள், வேலை இருந்தால் தோட்டம் இல்லை என்பார்கள், இரண்டும் இருந்தால் தலையில் முடி இல்லை என்பார்கள். எனக்கு வேலை இருந்தது. அடுத்தவர் செய்த மென்பொருளில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. (வேலையே அதுதான் என்பதால் வீட்டிலும் அதையே செய்தேன்.) பன்னிரண்டு வீடுகளில் காபி குடித்தாயிற்று. பதின்மூன்றாவதாகக் கிணத்துக்கடவு ஜாதகம் வந்தது.

பெண்ணின் பெயர் கவுசல்யா. பொள்ளாச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். வீட்டார் சம்மதத்தோடு இரண்டு முறை போனில் பேசினோம். சர்க்கரை இல்லாத டீ கதையைச் சொன்னேன். மூச்சு வாங்கச் சிரித்தாள். அப்புறம், ‘பயந்தவங்ககிட்ட பேசறது எனக்குப் பழக்கந்தானுங்க. தெனமும் கால் ஒடிஞ்சவங்களத்தான் நடக்க வெக்கறேன்’ என்றாள். போனை வைத்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த ஜாதகம் தட்டிப்போனால் நான் எழுந்திருக்க மாட்டேன். முந்தைய பன்னிரண்டுக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டோம். நானும் அம்மாவும் ராமசாமி மாமாவும். மாமா அம்மாவின் அண்ணன், அவருடைய கார். அப்பாவுக்கு முந்தின நாள்தான் கடவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்ததால் வீங்கிய கன்னத்தோடு வீட்டிலேயே இருந்துவிட்டார். காரில் ஏறும் முன் குழுவைத் திறந்து கலர்க்கோட்டுக்கு ஒரு வரி எழுதினேன். ‘உங்க பேச்ச உங்க ஊட்லயே ஒருத்தரும் நம்ப மாட்டாங்களாட்ட இருக்குதுங்க. அதானுங்க இங்க வந்து அளக்கறீங்க.’ எழுதிவிட்டு எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

“மாப்ள, பேச்ச நாம் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத,” என்றார் மாமா வழியெல்லாம். அவருக்கு என்னைத் தெரியும்.

தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. பின்னால் தேங்காய் மட்டையை நாராக்குகிற மில். வாசலிலேயே ஒரு பெரியவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். பெண்ணின் அப்பா, தங்கவேல். வெள்ளை மீசை, கணீர்க் குரல். “வாங்க, வாங்க. பாத்து வாங்க. வழியெல்லாம் செரியா இருந்துச்சுங்களா?” என்று எங்களை உட்கார வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தார். மாமா மழையைப் பற்றி ஆரம்பித்தார். நான் மரியாதையாகக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

கண்ணாடி அலமாரியில், பெண் வாங்கிய பரிசுக் கோப்பைகளுக்கு நடுவில் அது இருந்தது. பழுப்பேறிய கீபோர்டு. மூலையில் மூன்று விரல் சந்தனம். நடுவில் குங்குமம்.

ஒரே மாதிரி கம்ப்யூட்டர் இரண்டு வீட்டில் இருக்கக்கூடாதா என்று மனதைத் தேற்றினேன். கிணத்துக்கடவில் இருக்கக்கூடாதா? அதே மூலையில், அதே சந்தனம், நடுவிரல் பட்ட இடத்தில் மட்டும் அதே மாதிரி இழுபட்டு? (போன் நம்பர் பார்த்தே தெரிந்திருக்குமே என்பீர்கள். பெரியவர்களின் பேச்செல்லாம் அம்மாவின் போனிலும் மாமாவின் போனிலும்தான் நடந்தது. நான் பேசியது கவுசல்யாவோடு மட்டும்.)

அப்போதும் ஒரு நப்பாசை இருந்தது. அந்த ஆசையையும் அவரே முடித்துவைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, “ஒரு நிமிசமுங்க, தப்பா நெனைக்காதீங்க. காலைல ஒருத்தன் கண்டபடி எழுதிப்போட்டான். பதில் சொல்லாட்டி எனக்கு மனசு நிக்காதுங்க,” என்று கிழக்கு ஜன்னலோரம் போய், ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். அனுப்பினார்.

என் பேண்ட் பாக்கெட் ‘டிங்’ என்றது.

“மாப்ளைக்கும் மெசேஜ் வருதாட்டங்குதுங்க,” என்று தங்கவேல் சிரித்தார். நானும் சிரித்தேன். என் உதடு பல்லில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கவில்லை. அவர் இன்னொரு வரி எழுதினார். இன்னொரு ‘டிங்’. நான் போனை வெளியே எடுக்காமல் பாக்கெட்டுக்கு மேலேயே அமுக்கிக் கொல்லப் பார்த்தேன். அது டார்ச்சைப் போட்டுக்கொண்டது. தொடையில் விளக்கு எரிய உட்கார்ந்திருந்தேன்.

“என்னடா மாப்ள, காலு எரியுது?” என்றார் மாமா.

கடைசியில் போனை எடுத்து விளக்கை அணைத்து, சத்தத்தை நிறுத்தி, ஓரக்கண்ணால் படித்தேன். ‘இப்ப ஊட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க. அவங்கள அனுப்பிச்சுப்போட்டு வந்து உங்களத் தோலை உரிக்கறனுங்க.’ எதிரில் அந்த விருந்தாளிக்கு அவரே கையால் ஜாங்கிரி எடுத்துக் கொடுத்தார்.

கவுசல்யா காபி கொண்டுவந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். நன்றாக இருந்தாள். போனில் கேட்ட குரலுக்குப் பொருத்தமான முகம். என்னைப் பார்த்து, “உங்குளுக்கு சக்கரை போட்டிருக்குதுங்க,” என்றாள் மெதுவாக. வேறு நேரமாக இருந்தால் அங்கேயே பறந்திருப்பேன். அன்று பயத்தில் எனக்கு அவள் காதுத் தோடு மட்டும்தான் தெரிந்தது.

“மாப்ள கம்ப்யூட்டர்லதானுங்களே வேலை?” என்று தங்கவேல் ஆரம்பித்தார். “அப்ப இதப் பாக்கோணும் நீங்க. படிச்சு முடிச்சு மில் மிசினு செய்யற கம்பெனில இருந்தப்ப என்னய ஆறு மாசம் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்புனாங்க. அங்க ஒருத்தங்கிட்ட வாங்குனது. ஊட்ல யாருக்கும் இதோட அருமை தெரியாதுங்க.”

“ஆரம்பிச்சுட்டாரு,” என்றார் அவர் மனைவி, என் அம்மாவிடம். அப்புறம் மகளைப் பார்த்து, “அம்மணி, அந்தக் காபித் தம்ளரெல்லாம் எடுத்துரு கண்ணு. மேல தட்டியுட்ருவாரு.”

அலமாரி திறந்தது. பழைய குண்டு டிவி ஒன்று துணி விலகி வெளியே வந்தது. டெமோ பதிந்த ஃபிளாப்பி வட்டுகளை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார், ஈரம் அண்டாமல் இருக்க. அரிசியைத் தட்டிவிட்டு ஒன்றைச் சொருகினார். டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டது. நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் இரண்டு நிமிடம் மரியாதையாக உட்கார்ந்திருந்தோம். “படம் எப்பங்க போடுவீங்க?” என்று மாமா கேட்டார். ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்று நான் மருதமலையானை வேண்டிக்கொண்டேன்.

ஓடியது.

என்னவென்று சொல்வேன்! போனில் கட்டைவிரல் அகலத்துக்குப் பார்த்தது, அங்கே அறை முழுக்க வெளிச்சம் அடித்தது. கோடுகள் புரண்டு புரண்டு வந்து, படம் முடிகிற இடத்தைத் தாண்டி, ஆகாது என்று சொன்ன அந்த விளிம்புக்குள் போய், டிவியின் கட்டை வரை வழிந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷமாக இருந்தது, அழுகை வந்தது, எழுந்து ஓடிவிடவும் தோன்றியது. இந்த மனிதரைத்தானே பொய்மூட்டை என்றோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

“இதுக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சுங்க, திருட்டுப் பசங்க பேரு ஓட்டுன அறிமுகம். அதப் போயி பெருசுங்கறான் ஒருத்தன். அதுல என்னங்க இருக்குது? ஒரு மண்ணுமில்ல,” என்றார் தங்கவேல்.

இங்கேதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அவர் மேல் இல்லை. என் வாய் மேல். எட்டு மாதமாக இந்தப் பேச்சைக் கேட்டவுடன் பதில் கொடுத்துப் பழகிய வாய். ‘அந்த அறிமுகம் இல்லீன்னா உங்க விளிம்பு ஏதுங்க’ என்பது தொண்டை வரை வந்துவிட்டது. முழு ஜாங்கிரியையும் ஒரே வாயில் திணித்து அடைத்தேன்.

“மாப்ள, நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. எது பெருசு?”

ஜாங்கிரியை விழுங்கினேன். சமையலறை வாசலில் கவுசல்யா நின்றாள். “விளிம்புதானுங்க பெருசு,” என்றேன். எட்டு மாத வீரம் ஜாங்கிரியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனது.

தங்கவேலின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பிள்ளை பரீட்சையில் தேறியது போல் பூரித்துவிட்டார். “இருங்க, இருங்க. இத அந்த எமனுக்கு அனுப்பிப்போடலாம். அப்படியே டிவி பக்கத்துல நில்லுங்க. இப்ப சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க,” என்று போனைத் தூக்கிப் பிடித்தார்.

எனக்குக் கேமரா கூச்சம் என்றேன். மாப்பிள்ளைக்கு என்ன கூச்சம் என்றார். முகம் கழுவவில்லை என்றேன். நல்லாத்தான் இருக்குது என்றார். குழுவில் பாதிப் பேர் மாதம் ஒருமுறை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரியில் என்னோடு பப்ஸ் தின்கிறவர்கள். கலர்க்கோடு மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. என் முகம் அந்தக் குழுவுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசிக்க யோசிக்க முதுகுச் சட்டை ஈரமாகிவிட்டது. மாமா வேறு, “அட, நில்லுடா மாப்ள, பெரியவங்க ஆசைப்படறாங்க,” என்று என்னைத் தள்ளிவிட்டார். நின்றேன். சொன்னேன். படமாகிவிட்டது.

“கூடத்துல டவர் கம்மிங்க. எழுத்து போயிரும், படம் போகாதுங்க. ஜன்னல்ல வெச்சாத்தான் மெதுவா போகும்,” என்று போனை ஜன்னல் கம்பியோரம் சாய்த்து வைத்தார். அந்தத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கை அந்த வட்டத்தில் சுற்றியது.

“ஏனுங்க, பாத்ரூமு...” என்றேன்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும்தான் மூளை கொஞ்சம் வேலை செய்தது. குழுவின் அட்மின் நான். வீடியோ போய்ச் சேருவதற்குள் அவரையே குழுவிலிருந்து நீக்கிவிட்டால்? டவர் இல்லை. பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, மேலே இருந்த சின்ன ஜன்னலில் கையை நீட்டினேன். ஒரு கோடு வந்தது. கூடவே வீடியோவும் வந்துவிட்டது. பேயறைந்த முகத்தோடு நான் டிவி பக்கத்தில் நிற்கிறேன். அதற்குக் கீழே, கோட்டைமேட்டில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரியாஸ் பாயின் பதில்: ‘அட, நம்ம எமனுல்ல இது! கலர்க்கோடு ஐயா, எமனையே புடிச்சு பக்கத்துல நிறுத்தி ஒத்துக்க வெச்சுட்டீங்களே. எப்புடிங்க முடிஞ்சது?’

பாயின் பதிலை அழித்தேன். வீடியோவை அழித்தேன். கலர்க்கோட்டை நீக்கினேன். நீக்கிய வேகத்தில் பக்கெட் நழுவியது. நான் தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை போய் நின்றேன். வெளியே மாமா கதவைத் தட்டி, “மாப்ள, உள்ள என்னடா பண்ற? மானம் போகுது,” என்றார்.

சொட்டச் சொட்ட வெளியே வந்தேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். தங்கவேல் எதையும் படித்திருக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஜன்னலோரம் நாற்காலியில், கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீசை தொங்கிப்போயிருந்தது.

“என்னய நீக்கிப்போட்டானுங்க,” என்றார். கணீர்க் குரலைக் காணோம்.

அவர் மனைவி என் அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: “இவரு பேசறத நாங்க யாரும் காது குடுத்துக் கேக்கறதில்லீங்க. காலைல எந்திரிச்சதும் அந்த ஜன்னல்ல உக்காந்துக்குவாரு. எமன் என்ன எழுதியிருக்கான்னு பாரு, எமன் என்ன எழுதியிருக்கான்னு பாருன்னு ஒரே சிரிப்பு. திட்டறதுக்கே அப்புடியொரு சந்தோசமுங்க.”

“காலைல அவன் எழுதுனது நெசந்தானுங்க,” என்றார் தங்கவேல் யாரையும் பார்க்காமல். “இந்த ஊட்ல நாஞ் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அவனாச்சும் நம்பாம சண்டைக்கு வந்தான்.”

எனக்கு அவமானமாக இருந்தது. பயத்தையும் மீறி, பச்சையான அவமானம். சும்மா இருந்திருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும். வீடியோவும் இல்லை, பாயின் பதிலும் இல்லை, அவர் குழுவிலும் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு ஜாங்கிரி கூடத் தின்றுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“எமன் நாந்தானுங்க,” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. பையனுக்குத் தண்ணீரில் விழுந்து புத்தி கலங்கிவிட்டது என்று அம்மா நினைத்திருக்க வேண்டும்.

“எந்த எமனுங்க?” என்றார் தங்கவேல்.

“எட்டு பிட் எமனுங்க.”

அவர் நிமிர்ந்தார். “பொய்மூட்டைன்னு எழுதுனது?”

“நாந்தானுங்க.”

“நிலாவுக்குப் போனது?”

“நாந்தானுங்க. ஜன்னல் சீட்டுங்க.”

“ஓடாத பெட்டிக்கு பொட்டு எதுக்குன்னது?”

“அதும் நாந்தானுங்க.”

“இப்ப நீக்குனது?”

“நாந்தானுங்க. பக்கெட்டு மேல நின்னு நீக்குனனுங்க.”

டிவியில் டெமோ தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து என் அருகில் வந்தார். மில்லில் மட்டை தூக்கிப் பழகிய கை. “அப்ப விளிம்புதான் பெருசுன்னு சொன்னீங்களே, அது?”

அந்த நேரத்திலாவது வாயை மூடியிருக்கலாம். உலகத்தில் எந்த மனிதனும் மூடியிருப்பான்.

“அது பயத்துல சொன்னதுங்க. நெசத்துல அறிமுகந்தானுங்க பெருசு.”

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ சாமி,” என்றாள் அம்மா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எடுத்து அடிக்கப்போகிறார் என்று தோளைக் குறுக்கினேன். கண்ணைத் திறந்தால், எனக்கு எதிரில் அதைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். “எப்புடிங்க அறிமுகம் பெருசு? சொல்லுங்க, பாக்கலாம்,” என்றார்.

சொன்னேன். நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன். அவர் மறுத்தார். நான் விடவில்லை. அவர் எழுந்து நின்று கத்தினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். (இரண்டு பேரும் ‘ங்க’ போட்டுத்தான் கத்தினோம்.) அரை மணி நேரம். மாமா இரண்டு முறை கார்ச் சாவியை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். அம்மா பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பதினான்காவது ஜாதகத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

சமையலறை வாசலில் யாரோ சிரித்தார்கள். கவுசல்யா. போனில் கேட்ட அதே மூச்சு வாங்குகிற சிரிப்பு. “அப்பா, இவரத் தாட்டியுட்டுப்போட்டா நாளைக்கு யாருகூட சண்டை போடுவீங்க?” என்றாள்.

தங்கவேல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். “உனக்கு எப்புடி கண்ணு?”

“எனக்கு செரிங்கப்பா. இந்த நடுக்கத்துலயும் நெசத்தச் சொல்றாருல்ல. போதும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மனைவியிடம் திரும்பி, “எலை போடு,” என்றார்.

எனக்கு உயிரே இல்லை. அடிப்பதற்கு முன் சோறு போடுகிறார் போலிருக்கிறது என்றுதான் அந்தக் கணத்தில் பட்டது. ஆனால் அம்மாவின் கண் கலங்கியது. மாமா கார்ச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு என் தொடையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி, பலகாரத்தோடு எழுந்துவிடுவதுதான் எங்களில் வழக்கம். இரண்டு பக்கமும் மனதுக்குப் பிடித்தால்தான் இலையில் கை நனைப்போம். பன்னிரண்டு வீடுகளில் எனக்கு யாரும் இலை போட்டதில்லை. அதனால் இலை போட்டால் என்ன அர்த்தம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தங்கவேல் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் பருப்பும் நெய்யும் விடச் சொல்லி, “மொதல்ல என்னயக் குழுவுல சேருங்க. பொறவு சோத்துல கை வைங்க,” என்றார். ஈரக் கையாலேயே சேர்த்தேன்.

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் மாமனாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அட்மின் பதவி வேண்டும் என்றார். கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அறிமுகத்தைப் பற்றி வாய் திறந்தால் என்னை நீக்கிவிடுகிறார். திரும்பச் சேர்க்கக் கவுசல்யா தூது போக வேண்டும். ஏழு வருடமாக இந்த வாக்குவாதத்தில் ஒரு முடிவும் எட்டப்படவில்லை.

அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் ‘தப்பு என்னுதுதான்’ என்று சொல்வதில்லை. பால் பொங்கி வழிந்தால் மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு, “எமன் நாந்தானுங்க,” என்பார். சாவியைத் தொலைத்துவிட்டு வந்து கவுசல்யாவும் அதையே சொல்வாள். ராமசாமி மாமா காரைத் தென்னை மரத்தில் இடித்துவிட்டு இறங்கி வந்து கைகூப்பிக்கொண்டு அதையே சொன்னார். இந்தப் பேச்சைக் கேட்டே என் மகள் வளர்ந்தாள். போன மாதம் அவள் யு.கே.ஜி. வகுப்பில் யாரோ மிஸ்ஸின் மேஜையில் பெயிண்டைக் கொட்டிவிட்டார்கள். யார் என்று மிஸ் அதட்டியிருக்கிறார். இவள் எழுந்து, “எமன் நாந்தானுங்க மிஸ்,” என்றிருக்கிறாள்.

பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். குழந்தை வீட்டில் என்ன கேட்டு வளர்கிறது என்று தலைமை ஆசிரியைக்குக் கவலை. எனக்குத் தலைமை ஆசிரியை என்றாலும் பயம், அதனால் மாமனாரைத் துணைக்கு அழைத்துப் போனேன். மகளையும் அங்கே நிறுத்தியிருந்தார்கள். நடுங்கிக்கொண்டே ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். அந்த அறிமுகங்கள் என்றால் என்ன, அவை ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லும்போது, “அதுல என்னங்க முக்கியம்?” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டது. நான் திரும்பினேன். அவரும் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்துத் தலைமை ஆசிரியை மணியை அடித்து, குழந்தையை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் வெளியே போய் நிற்கச் சொன்னார்.